யாருக்குக் கொழுப்பு?

"வலிக்குதா?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்.

"வலி இல்லம்மா. பஸ் ஓட்டறேன். பின்னாடி உக்காந்திருக்கறவங்க எல்லாரும் இதையேதான் பாக்கறாங்க" என்றார் டிரைவர். பிடரியில், காலருக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி எட்டிப் பார்த்தது.

"வெறும் கொழுப்புக் கட்டிதான் சார். உடம்பை ஒண்ணும் பண்ணாது. அழகுக்காக எடுக்கறதுக்கெல்லாம் நாங்க தர மாட்டோம்."

ஐம்பது வயதுக்கு மேல் தன்னை அழகுக்கு அலைகிறவன் ஆக்கிவிட்டாளே என்று வீட்டில் வந்து புலம்பினார். மனைவி சிரிக்கவில்லை.

"வலிக்கலன்னு யாரு உங்களைச் சொல்லச் சொன்னது? வீட்ல நகம் பேந்தாக்கூட ஊரைக் கூட்டுவீங்க!"

மறுநாளே டாக்டரைப் பிடித்தார். இரக்கப்பட்ட டாக்டர் கொஞ்சம் அழுத்தியே எழுதினார்: கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வேலைக்கு இடைஞ்சல்.

"இது போதும் சார். உங்க ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் இன்சூரன்ஸ் பெண்.

டிப்போ மேனேஜர் படித்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"கழுத்தே திரும்பாதா? அத்தனை உசிரை ஏத்திக்கிட்டு எப்படிய்யா வண்டி ஓட்டறே?"

"நல்லாத் திரும்பும் சார். அது சும்மா, இன்சூரன்ஸுக்காக..."

"அப்ப பொய் சர்டிபிகேட்டா?"

பொய்யனா, நோயாளியா என்று யோசிக்க நேரமில்லை. "இல்ல சார்... கொஞ்சம் வலிதான்" என்றார்.

கையெழுத்து கிடைத்தது. பஸ் போனது. பயணிகள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கும் அறையில், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவலாக உட்கார வைத்தார்கள்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள் இன்சூரன்ஸ் பெண்.

சொன்னார்.

"குடையைப் பாத்துக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லையே. வேலைக்கு இடைஞ்சல்னு எடுத்துக்க முடியாது சார்."

அன்று இரவு மனைவி தன் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவள் கழுத்தில் இருந்தது போய், அவர் கழுத்தில் இருந்ததும் போனது.

தையல் பிரித்த அன்றே மேனேஜர் முன்னால் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"சந்தோஷம். ஆனா உன் வண்டிக்கு ஆள் போட்டாச்சுய்யா. இனி கடைசி வரைக்கும் குடைதான்."

கால்கள் தாமாகவே பஸ் நிற்கும் இடத்துக்குப் போயின. அவர் சீட்டில் புது டிரைவர். இருபது வருடமாக அவர் முகம் பார்த்த கண்ணாடியை இப்போது தன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் மரியாதையாக இறங்கி வந்தான்.

"தழும்புகூடப் பெருசாத் தெரியலையேண்ணே! எந்த டாக்டர்?"

"உனக்கு எதுக்குப்பா அது?"

புது டிரைவர் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை மெல்ல இறக்கினான்.

"எனக்கு ரெண்டு இருக்குண்ணே. ஆபீசுக்குத் தெரியாது."