புள்ளி வைத்த பெயர்களுக்கு அனுமதி இல்லை

சாந்தோம்,
சனிக்கிழமை

அன்புத் தம்பி லாய்டுக்கு,

ஃப்ளோரா அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் என் முழங்கால் தவிர இங்கு மற்றதெல்லாம் நலம். இந்த வாரம் முழுவதும் உன்னைக் கண்டபடி ஏசினேன். நீ போனை எடுக்காததால் உனக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்பது என் கடமை. தப்பு உன்னுடையதில்லை என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீ செய்துகொடுத்த அட்மிஷன் வெப்சைட் திங்களன்று திறந்தது. ரிட்டயரான பிறகும் என்னைத்தான் அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் ஆளாகப் பட்டினப்பாக்கத்திலிருந்து தாயம்மா வந்தார். மீன் விற்கிறவர். மகள் தமிழ்மொழியை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரைத் தமிழில் கேட்டது படிவம். ‘தமிழ்மொழி’ என்று அடித்தேன். ‘சரியான பெயரைத் தரவும்’ என்று சிவப்பில் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் கற்பித்தவளிடம்! நான்கு தடவை அடித்தும் அதே பதில். தாயம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “வேற பேரு வெச்சிடட்டுமா டீச்சர்? மிஷினுக்கு இன்னா பேரு புடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இடம் போய்விடுமோ என்ற பயம். அதுதான் என்னைச் சுட்டது.

கம்ப்யூட்டர் ஆசிரியர் காஷிஃப் நீ எழுதியதைப் பார்த்துவிட்டு, பெயரைச் சோதிப்பது உன் வேலையே இல்லை, ஃபிரேம்வொர்க்கின் வேலை என்றார். வெப்சைட் கட்டுகிறவர்களுக்காக யாரோ முன்கூட்டியே எழுதிவைத்த மூட்டையாம் அது. லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள், அதில் தப்பிருக்காது என்று நீயும் மெசேஜ் போட்டிருந்தாய். லட்சம் பேரில் ஒருத்தராவது அதைப் படித்தாரா? சோர்ஸ் கோடை, அதாவது அவர்கள் உள்ளே எழுதிவைத்திருப்பதை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று காஷிஃப் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் எழுதியிருக்கிற லட்சணத்தைக் கேள். பெயரைச் சோதிக்கும் ஃபைலைத் திறந்தால், அது எதையும் சோதிக்காமல் பக்கத்து ஃபைலைக் கேள் என்கிறது. அது மூன்றாவதைக் கை காட்டுகிறது. மூன்றாவதில் ‘இதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்று ஒரு குறிப்பு. எழுதி ஒன்பது வருஷம் ஆகிறது. சில்லறை வேலைகளையெல்லாம் கொட்டிவைத்த ஒரு மூலையில் கடைசியாக அந்த ஒற்றை வரி அகப்பட்டது: பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம். நல்லது. ஆனால் அந்தப் பண்டிதர்களுக்குப் புள்ளி எழுத்தில் சேராது; காலும் கொம்பும் சேராது. ‘சரவண’ என்றால் உள்ளே வா, ‘சரவணன்’ என்றால் வெளியே நில். என்னிடம் படித்திருந்தால் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

சோதித்துப் பார்க்காமலா விட்டார்கள் என்று கேட்டேன். சோதித்திருக்கிறார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். அத்தனையும் ஜானும் பீட்டரும், ஆங்கில எழுத்தில். அத்தனைக்கும் பச்சை டிக். கேள்வியும் தானே எழுதி விடையும் தானே எழுதி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ள எனக்கும் தெரியும்.

காஷிஃப் இருநூற்றுப் பதின்மூன்றாவது சோதனையாகத் தமிழ்மொழியைச் சேர்த்து ஓட்டினார். சிவப்பு. எழுத்தோடு ஒட்டும் குறிகளும் செல்லும் என்று அந்த வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினார். பச்சை. ஜான்களுக்கும் சேதமில்லை. எனக்கு அப்போதும் நம்பிக்கை வராமல், பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து வெள்ளைத்துரை, நெடுஞ்செழியன், ஆரோக்கியமேரி என்று ஒவ்வொருவராக விட்டுப் பார்த்தோம். ஒருவரும் மாட்டவில்லை. திருத்தியதை வெப்சைட்டில் ஏற்றியதும், வியாழக்கிழமை பகலில், தாயம்மா கண்ணெதிரே விண்ணப்பம் போனது. அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டு, “கொழந்த பேரு அப்டியே கீது” என்றார்.

திருத்தத்தோடு நான்கு பக்கக் கண்டனமும் எழுதி அந்த ஃபிரேம்வொர்க்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். சோம்பேறிகள், அரைகுறைகள், பிறர் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. நீ பாவம், நம்பிக் கெட்டாய். உன்னைச் சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

உனக்கும் டீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்கட்டும். உன் அத்தான் அகஸ்டினும் விசாரிக்கச் சொன்னார்.

அன்புள்ள அக்கா,
ஃப்ளோரா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவர்களிடமிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை ஆறு வருஷத்துக்கு முன்பே திருத்தி, தமிழ்ப் பெயர்களையும் சோதனையில் சேர்த்துவிட்டார்களாம். இவ்வளவு பழைய பதிப்பை உங்கள் தலையில் யார் கட்டினார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே அவர்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் உன்னைச் சொன்னதாகவே இன்னொரு முறை நிதானமாகப் படித்துக்கொள்.