தாடி போன வாரம்

குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பசை ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் அதே பசை, முந்தாநாளும் அதே பசை. அதைப் பெற்றெடுத்த ஆராய்ச்சி மாணவருக்குக் கரிம வேதியியல் ஆய்வகம் முழுக்க 'எண்ணெய்' என்றுதான் பெயர். அவர் எதைச் செய்தாலும் கடைசியில் எண்ணெயாகவோ பசையாகவோதான் வந்து நிற்கும். பளபளவென்று படிகமாக ஒரு தடவைகூட வந்ததில்லை.

இந்தத் தடவை வந்தே தீரவேண்டும். ஒரே ஒரு படிகம், கடுகளவு இருந்தால் போதும். அதை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தால்தான், ஆறு வருடம் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய மூலக்கூறு அவர் சொல்கிற வடிவில்தான் இருக்கிறதா என்பது தெரியும். தெரிந்தால் முனைவர் பட்டம். தெரியாவிட்டால், பேராசிரியர் இந்த மாதத்தோடு ஓய்வு பெற்றதும், புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கருவி வெள்ளிக்கிழமை மட்டும்தான் கிடைக்கும் என்று கருவியறைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று திங்கள்.

"கண்ணாடிக் குச்சியால உள்பக்கம் சுரண்டிப் பாருங்கண்ணா," என்றாள் பக்கத்து மேசைக்காரி. எதையும் மூன்று முறை எடை போடாமல் நம்பமாட்டாள் என்பதால் அவளுக்குப் பெயர் 'தராசு'. "கீறல் விழுந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுப் படிகம் வளரும்."

எண்ணெய் சுரண்டினார். ஆறு வருட ஆத்திரத்தையும் சேர்த்துச் சுரண்டினால் கண்ணாடி என்ன செய்யும், பாவம்? விரிசல் விட்டது. பாதிப் பசை மேசைமேல் ஒழுகிப் போனது.

மிச்சத்தை வேறு குடுவையில் ஊற்றி, கரைப்பான் சேர்த்து, குளிர்ந்தாலாவது மனம் இரங்குமா பார்ப்போம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வைத்தவர் மூடியைப் போட மறந்துவிட்டார். மறுநாள் காலையில் கரைப்பான் எல்லாம் ஆவியாகி, பசை முன்னைவிடக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. பெட்டி முழுக்க நாற்றம். ஆய்வகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

"உங்க மேல தப்பு இல்லண்ணா," என்று தராசு ரகசியக் குரலில் சொன்னாள். "எல்லாம் அந்தத் தாடி போன நேரம்."

பேராசிரியருக்கு நெஞ்சுவரை வெள்ளைத் தாடி இருந்தது. படிகம் உருவாக ஏதாவது ஒரு பொடித் துகள் வேண்டும். அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் அடுக்கிக்கொள்ளும். நாற்பது வருடம் ஊர் ஊராக ஆய்வகம் ஆய்வகமாக நுழைந்து வந்த தாடியில் இல்லாத துகளா? அவர் சாயங்காலம் வந்து, குடுவைமேல் குனிந்து, தாடியைக் கோதியபடி "பார்ப்போம்" என்பார். காலையில் படிகம் நிற்கும். இதை யாரும் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியதில்லை. ஆனால் நம்பாதவரும் அங்கே கிடையாது.

அந்தத் தாடியைத்தான் ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் சலூனில் எடுத்துவிட்டு வந்திருந்தார். பேத்தி அதைப் பார்த்தாலே வீறிட்டு அழுகிறாளாம்.

"எடுத்த தாடி எங்க போயிருக்கும்?" என்றார் எண்ணெய்.

தராசு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நானும் சும்மாதான் கேக்கறேன்."

புதன்கிழமை சலூன் கதவைத் திறக்கும்போதே எண்ணெய் வாசலில் நின்றார். 'எங்கள் சாரின் தாடி வேண்டும்' என்று எடுத்த எடுப்பில் எப்படிக் கேட்பது? நாற்காலியில் உட்கார்ந்து, "முடி வெட்டணும்," என்றார். நிஜமாகவே வெட்ட வேண்டித்தான் இருந்தது. மனைவி மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி நல்லா ஒட்ட வெட்டிடறேன் சார், அதுதான் எடுப்பா இருக்கும்," என்றார் சலூன்காரர்.

"எப்படியோ வெட்டுங்க." எண்ணெய்க்கு நாக்கு நுனிவரை வந்த கேள்வி உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்துத் துணியை உதறும் நேரத்தில்தான் வாய் திறந்தது. "ஞாயித்துக்கிழமை ஒரு பெரியவர் வெள்ளைத் தாடி எடுத்தாரே, அந்த முடி இருக்குமா?"

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு சார்?"

"என் வாழ்க்கையே அதுலதாங்க இருக்கு."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, அந்த நிமிஷத்தில் அது சத்தியமான உண்மை. சலூன்காரருக்கு என்ன தோன்றியதோ, தோளைத் தட்டிக்கொடுத்தார். "இருங்க, பாக்கறேன். நீங்க உள்ள போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வாங்க."

முகம் கழுவி வந்தபோது காகிதப் பொட்டலம் ஒன்று தயாராக இருந்தது.

ஆய்வகத்தில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தது.

"கறுப்பு யாரோ எவரோ. வெள்ளைதான் சாரோடது," என்று தராசு இடுக்கியால் பிரித்து எடுத்தாள். விளையாட்டுக்குச் சொன்னவளுக்கு இப்போது எண்ணெயைவிட வேகம். "கழுவிட்டுப் போடுவோமா?"

"கழுவினா அதுல இருக்கற அருள் போயிடுமே!"

பசையைச் சூடாக்கிப் புதுக் கரைப்பானில் கரைத்து, ஒரு வெள்ளை முடித் துணுக்கை உள்ளே விட்டார். விட்ட பிறகுதான் உறைத்தது. கையில் இருந்த கடைசிப் பசை அதுதான். அதிலும் முடி விழுந்தாயிற்று. வெளியே தெரிந்தால் பட்டம் என்ன, பல்கலைக்கழக வாசலைக்கூட மிதிக்க முடியாது.

சாயங்காலம் வீட்டில் மனைவி அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "பரவாயில்ல. இப்போ அவ்வளவா தெரியல."

"என்ன தெரியல?"

"ஒண்ணுமில்ல. முதல்ல உங்க படிகம் வரட்டும். சாப்பிடுங்க."

வியாழக்கிழமை, அந்த வாரம் ஆய்வகப் பக்கமே வராத பேராசிரியர் வந்தார். மழமழவென்ற முகத்தோடு குடுவைமேல் குனிந்தார். பழக்க தோஷத்தில் கை மோவாய்க்குப் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பியது.

"என்னப்பா, உள்ள முடி மாதிரி ஏதோ கிடக்கு?"

"தூசி சார்."

"அந்த இடுக்கியைக் கொடு, எடுத்துடறேன்."

"வேண்டாம் சார்!" எண்ணெய் குறுக்கே பாய்ந்ததில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. "தொட்டா ஆடிடும் சார். ஆடினா வராது சார்."

பேராசிரியர் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "வெள்ளை முடியா வேற இருக்கு. நல்லவேளை நான் தாடியை எடுத்துட்டேன். இல்லன்னா பழியை என் மேல போட்டிருப்பீங்க."

தராசு இருமல் வந்தவள் மாதிரி வெளியே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் கண்ணை மூடிக்கொண்டுதான் மேசைக்குப் போனார். திறந்து பார்த்தால், அந்த முடித் துணுக்கு நெடுக ஊசி ஊசியாக, பளிச்சென்று, எண்ண முடியாத படிகங்கள்! தராசு போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கருவியறைக்காரர் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கருவியில் வைத்தார். மூலக்கூறு எண்ணெய் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பேராசிரியர் கட்டிப் பிடித்து, "ஓய்வு பெறறதுக்குள்ள பாத்துட்டேன்பா," என்றார். இருவருமே அழுதார்கள்.

அன்று சாயங்காலமே எண்ணெய் ஒரு பெட்டி சாக்லேட்டோடு சலூனுக்குப் போனார்.

"அண்ணே, நீங்க கொடுத்த தாடிதான் எனக்குப் பட்டம் வாங்கித் தரப் போகுது. எங்க சார் தாடி சாதாரணத் தாடி இல்ல!"

சாக்லேட்டை வாயருகே கொண்டுபோன சலூன்காரர் அதை மெல்லப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தாடி திங்கக்கிழமையே குப்பை வண்டியில போயிடுச்சு. நீங்க அழற மாதிரி நின்னீங்களா, மனசு கேக்கல. நாற்காலிக்குக் கீழ கிடந்ததைக் கூட்டி அள்ளிக் கொடுத்துட்டேன்."

"கீழ கிடந்ததா? அது யாரோடது?"

"அன்னைக்குக் கடை திறந்ததும் வந்த முதல் ஆளே நீங்கதானே?"

எண்ணெய் சிரித்தார். "சும்மா இருங்கண்ணே. அதுல பாதி வெள்ளை முடி!"

சலூன்காரர் கைக்கண்ணாடியை எடுத்து, அவர் பின்னந்தலை தெரிகிற மாதிரி பிடித்தார்.

"ஏன் சார், இத்தனை நாளா வீட்டுல யாருமே சொல்லலையா?"