ஏரம்பர் வாங்கிய ஆறு கதிரைகள்

வந்தவர்களை எதில் இருத்துவது என்ற யோசனை, அவர்கள் படலையைத் திறந்து முற்றத்துக்கு வந்த பிறகுதான் ஏரம்பருக்கு வந்தது.

அவர்கள் கோலாலம்பூரில் கிளாக்கராக இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் தாய் தகப்பன். பெண் பார்க்க வந்திருந்தார்கள். தகப்பன் கோட்டுப் போட்டிருந்தார். ஏரம்பர் வீட்டில் இருந்ததோ சில பாய்களும் கால் ஆடுகிற ஒரு வாங்குப் பலகையும். இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிற மனிதனுக்கு அதற்கு மேல் எதற்கு என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். கோட்டுப் போட்ட ஒருவர் பாயிலிருந்து எழும்பப் பட்ட பாட்டைப் பார்த்ததும் அந்த நினைப்பு மாறிவிட்டது.

கலியாணத் தரகர் கனகரத்தினம் அவர்களைச் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, குசினித் தாழ்வாரத்தில் இருந்து சாப்பிட்டார். ஆள் கூட்டி வந்த வீட்டில் ஒருநேரச் சாப்பாடு அவருக்கு உரிமை. ஏரம்பரின் மகள் பராசக்திதான் சோறு போட்டாள். அந்தக் கிழமை முடியுமுன் அவர் பதிலோடு வந்தார்.

“சாதகம் பொருந்துது, அண்ணை. பிள்ளையிலையும் குறை இல்லை. ஆனால் இருக்க ஒரு கதிரை இல்லாத வீடு எண்டு கதைக்கினம்.”

ஏரம்பருக்கு முகம் விழுந்துவிட்டது. பராசக்திக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. தாய் இல்லாத பிள்ளை. தாய் போன பிறகு சமையலும், தோட்டத்து ஆட்களின் சாப்பாடும், தகப்பனின் இருமலும் முணுமுணுப்பும் அவள் தலையில்தான். போன மாரியில் அவர் இருமியதைக் கேட்ட பரியாரியார் ஒன்றும் சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பேசாமைதான் ஏரம்பரைப் பயப்படுத்தியது. கண் மூடுமுன் மகளின் கழுத்தில் ஒரு தாலி ஏறிவிட வேண்டும். அவருக்கு மிச்சமாக இருந்த ஆசை அது ஒன்றுதான். அது ஒரு கதிரையில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

கதிரை வாங்கப் பட்டணம் போனார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், நாகரிகமான சாமான் எது, நாகரிகமில்லாதது எது என்று ஏரம்பருக்குத் தெரியாது. பராசக்திக்கும் தெரியாதுதான். பெரியபிள்ளையான நாளிலிருந்து கிணற்றடியையும் கோயில் வீதியையும் தவிர அவள் எதைக் கண்டாள்? ஆனாலும் பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்து, ஆனைப்பந்திச் சந்தி வரும்வரை கண் வெட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியகடைப் பக்கம் இருந்த தளபாடக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். ஏரம்பர் மாடு வாங்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு கதிரையின் நாலு காலையும் பிடித்துப் பார்த்தார், முதுகில் தட்டினார், கடைசியில் அதைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார். கடைக்காரன் ஒருவன், “ஐயா, உது உதையாது, பயப்பிடாமல் இருங்கோ” என்றான். ஏரம்பர் சிரிக்கவில்லை. சிரிக்கிற மனநிலையில் அவர் அந்த வருடம் முழுவதும் இருக்கவில்லை.

பராசக்தி கதிரை பார்த்தது கொஞ்சம், மற்றதெல்லாம் பார்த்ததுதான் கூட. கோட்டைப் பக்கம் ஒரு பறங்கிச் சீமாட்டி நடத்திய கடையில் தொங்கிய நீலக் கண்ணாடி விளக்குக்குக் கீழே அவள் நின்ற நிலையைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை என்று தகப்பன் நினைத்தார். பீங்கான் பூச்சாடிகளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சரிகை வைத்த திரைச்சீலைகளை விரித்துக் காட்டச் சொன்னாள். ஒன்றும் வாங்கவில்லை. போகும்போது கடைச் சீமாட்டி கதவு வரை வந்து, இன்னொருநாள் வரச் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் முறை போனபோதுதான் பராசக்திக்குக் கதிரை பிடித்தது. பிரம்பு பின்னிய, கால் வளைந்த ஆறு கதிரைகள். வரும் வழியில் இருவரும் சோடா குடித்தார்கள். பஸ்ஸில் அவள் திடீரென்று கேட்டாள்.

“நான் போனால் உங்களுக்கு ஆர் அப்பு சோறு போடுறது?”

“கதையை விட்டிட்டுக் கதிரை விழுதோ எண்டு யன்னலாலை பார். பஸ் மேலை ஒழுங்காய்க் கட்டேல்லை அவன்” என்றார் ஏரம்பர்.  பிறகு வேண்டுமென்றே நெடுநேரம் இருமினார்.

அடுத்து வந்தது கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளையின் பகுதி. தமையனும் மைத்துனரும் ஆறு கதிரைகளில் விரும்பிய கதிரையில் இருந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பலகாரம் தின்றார்கள், நல்ல முகத்தோடு போனார்கள். கனகரத்தினம் வழக்கம்போலக் குசினித் தாழ்வாரத்தில் சாப்பிட்டுப் போய், மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“கதிரை நல்லதாம், அண்ணை. ஆனால் நடுவிலை ஒரு மேசை இல்லாமல் கதிரையைச் சுவரோடை சுவராய்ப் போட்டால் செத்தவீட்டிலை இருக்கிற மாதிரியாம்.”

ஏரம்பர் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தார். சொன்னபின் பார்த்தால் செத்தவீடு மாதிரித்தான் இருந்தது. யார் செத்தவர் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை.

மறுபடியும் பட்டணம். மேசை வேண்டும், செத்தவீட்டுக் களை போக ஒரு நிலைக்கண்ணாடியும் வேண்டும் என்று முடிவாயிற்று. மேசையைத் தேட நாலு பயணம். ஒன்று குட்டை, ஒன்று கறுப்பு, ஒன்றின் கால் பராசக்திக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சலவைக்கல் பதித்த வட்ட மேசை ஒன்றும், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. அதற்காகச் சீதனத்துக்கென்று வைத்திருந்த காணியின் கிழக்குத் துண்டு போயிற்று. சீதனம் இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சீதனத்தையே விற்ற மனிதன் இணுவிலில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கண்ணாடியை வாசலுக்கு நேரே வைத்தார்கள். அப்போதுதான் வெளிச்சம் விழும் என்று வண்டிக்காரன் சொன்னான்.

மூன்றாவது பகுதி பதுளையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் தாய் புருசனை இழந்தவர். வெள்ளைச் சேலையோடு படியேறி, வலது காலை உள்ளே வைக்கப்போனவர் அப்படியே நின்றார். எதிரே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு கைம்பெண் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அம்மையார் ஒதுங்கி வழிவிட்டார், அவளும் ஒதுங்கினாள். பிறகு விளங்கி, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உள்ளே வந்து, இரண்டு தரம் கோப்பி வாங்கிக் குடித்தார். ஏரம்பரின் நெஞ்சுதான் கீழே விழுந்தது, பிறகு எழும்பவில்லை.

அவர் பயந்ததே நடந்தது. கனகரத்தினம் வந்து, கண்ணாடி கூடாதாம் என்றார்.

“நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள்ளை வரேக்கை எதிரிலை கைம்பெண் வந்ததாம். அது தான்தான் எண்டு மனிசிக்குத் தெரியும். தெரிஞ்சென்ன, சகுனம் சகுனம்தானே?”

கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு செற்றி எடுப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்கும் ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். செற்றி என்பது இரண்டு பேர் இருக்கிற சாய்மனை. சிவப்பு மெத்தை போட்டது. கடையில் சின்னதாகத்தான் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் அது பெருத்துவிட்டது. நேராகப் பிடித்தார்கள், சரித்துப் பிடித்தார்கள், தலைகீழாகவும் பிடித்தார்கள். பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அது வாசலில் இறுகிக்கொண்டபோது, ஏரம்பர் தன் வீட்டுக்குள் போகப் பின்வேலியைச் சுற்ற வேண்டியதாயிற்று. தச்சனைக் கூப்பிட்டுக் கதவு நிலையைக் கழற்றினார்கள். செற்றி உள்ளே போயிற்று, நிலை திரும்ப ஏறவில்லை. கதவைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, மழைக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள். இவ்வளவு நாகரிகமான தளபாடம் இருந்த வீட்டுக்கு வாசலில் சாக்கு.

உள்ளே நடக்க இடமில்லை. கதிரைகளைப் புகையிலை போடும் புகைக்குடிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஏரம்பரின் பாயை விரிக்கவும் இடமில்லாததால் அவரும் கதிரைகளோடு குடிலுக்குப் போனார். அங்கே கிடந்து இருமிக்கொண்டு, இதற்கெல்லாம் முதல் தான் பாயில் படுத்து நிம்மதியாகத் தூங்கிய காலத்தை நினைத்தார். அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதார்.

அந்தச் சமயத்தில்தான் கனகரத்தினம் நாலாவது ஆளைக் கொண்டுவந்தார். முன்னவர்களைப்போலப் பெரிய இடமில்லை. உடுப்பிட்டிப் பொடியன், பெயர் சிவகுரு. இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், கலியாணம் முடித்தால் பெண் வீட்டோடு இருந்துகொள்வான். கோலாலம்பூர், கொழும்பு, பதுளை என்று போன சம்பந்தம் கடைசியில் சைக்கிள் ஓடுகிற தூரத்துக்கு இறங்கிவிட்டதே என்று ஏரம்பருக்கு மனம் நொந்தது. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. நோவை விழுங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

மாப்பிள்ளை தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு வந்தான். செற்றியில் மாமன் இருந்தார். அவர் பாரியான ஆள். இரண்டு பேருக்கான செற்றி அவர் ஒருவருக்கே மட்டுமட்டாக இருந்தது. ஏரம்பர் பதறி ஓடிப்போய்ப் புகைக்குடிலிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கி வந்து, தோளில் கிடந்த சால்வையால் துடைத்துப் போட்டார்.

புகையில் கிடந்த பிரம்பு காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது அவருக்குத் தெரியாது. சிவகுரு மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு இருந்தான். படார் என்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் நடு உடம்பு கதிரைக்குள் போய்விட்டது. முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட, கையும் காலும் மட்டும் வெளியே தெரிந்தன. ஏரம்பரும் கனகரத்தினமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆள் எழும்பினான், கதிரையும் கூடவே எழும்பியது.

அந்த நேரம் பார்த்துப் பராசக்தி கோப்பித் தட்டோடு வந்தாள்.

“விடுங்கோ ஐயா” என்றான் சிவகுரு, திரும்பக் கதிரைக்குள் இறங்கிக்கொண்டு. “கோப்பி ஆறமுதல் குடிப்பம். இதை ஆறுதலாய்க் கழட்டலாம்.”

பராசக்தி தட்டை மேசையில் வைத்தாள். உதட்டைக் கடித்தாள். குசினிக்குள் ஓடிய பிறகு அவள் சிரித்த சிரிப்பு வீடு முழுவதும் கேட்டது. நிற்கவே இல்லை. ஏரம்பருக்கு உடம்பெல்லாம் கூசியது. வந்த மாப்பிள்ளையை விழுத்தியதும் போதாதென்று, பெண்ணும் நின்று சிரிக்கிறாளே. எந்தப் பகுதி இதைப் பொறுக்கும்?

அவர்கள் போனதும் குசினி வாசலில் போய் நின்றார். கனகரத்தினம் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 

“நீயே சிரிச்சனி?” என்று மகளைக் கேட்டார்.

“ஓம் அப்பு.”

ஏசத்தான் வந்தார். ஆனால் தாய் செத்த பிறகு அந்தப் பிள்ளை சத்தமாகச் சிரித்ததை அவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் செற்றியில் இருந்தார். அது வந்த நாளிலிருந்து அவர் அதில் இருந்தது அதுதான் முதல் தடவை. நல்ல மெத்தை. அதுவும் அவருக்குத் துக்கமாக இருந்தது.

இனிக் கலியாணப் பேச்சு வேண்டாம், தளபாடம் முழுவதையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம் என்று அவர் வண்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பிய நாளில் கனகரத்தினம் சாக்கை விலக்கிக்கொண்டு வந்தார். ஏரம்பர் அவரை இருக்கவும் சொல்லவில்லை.

“இந்தமுறை என்ன குறையாம்? சொல்லிப்போட்டுப் போ.”

“குறை ஒண்டும் இல்லை, அண்ணை. ஓமெண்டுறினம். தையிலை நாள் பார்க்கட்டாம்.”

ஏரம்பர் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். ஆளைக் கேலி செய்வதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது. வாசலுக்குக் கதவில்லை, மாப்பிள்ளை கதிரைக்குள் விழுந்தான், பெண் சிரித்தாள். ஒரு கண்ணாடிக்குப் பயந்து போனார்கள் பதுளைக்காரர். இவர்களுக்கு எப்படி ஒரு குறையும் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். உண்மையைச் சொல்லாவிட்டால் இனி இந்தப் படலையைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கனகரத்தினம் குசினிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“முந்தி வந்த மூண்டு பகுதியும் ஓமெண்டுதான் சொன்னவை, அண்ணை. நான்தான் ஏதோ சாட்டுச் சொல்லி அவையைத் திருப்பி விட்டனான். கதிரை, மேசை, கண்ணாடி எண்டு நான் வந்து சொன்னதெல்லாம் எனக்குச் சோறு போடேக்கை பிள்ளை சொல்லித் தந்த குறையள். இந்தமுறை அவ ஒண்டும் சொல்லித் தரேல்லை. அதாலைதான் அவை சொன்னதை அப்பிடியே கொண்டு வந்திருக்கிறன்.”