மீசைக்கு வைத்த குறி

மீசையை எடுத்துவிடுகிறேன் என்று வாயை விட்ட பிறகுதான், கையில் இருந்த டீ ஆறிப்போனது மூக்காண்டிக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னீரு? இன்னொரு தடவ சொல்லும்வே, எல்லாரும் கேக்கட்டும்," என்றான் உச்சிமாகாளி.

"எங்க முதலாளி துப்பாக்கி தோத்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துருதேன். உங்க முதலாளி துப்பாக்கி தோத்துச்சுன்னா நீரு எடுக்கணும். சம்மதமா?"

"சம்மதம்வே. உம்ம மீசை போனா சங்கரன்கோயிலுக்குக் கொஞ்சம் வெளிச்சமாவது வரும்."

டீக்கடையே சிரித்தது. மூக்காண்டி மீசையைத் தடவிக்கொண்டார். மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு முதுகு வளைந்துவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது. உடம்பில் இன்னும் நிமிர்ந்து நிற்பது அந்த மீசை ஒன்றுதான்.

அவர் வேலை பார்ப்பது மருதப்பன் முதலாளியின் வத்தல் மண்டியில். உச்சிமாகாளி வேலை பார்ப்பது எதிர்த்த வாசலில், சௌந்தரபாண்டியன் முதலாளியின் பருத்தி மண்டியில். மண்டிகள் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தன. முதலாளிகள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. மருதப்பனிடம் முப்பத்திரண்டாம் நம்பர் ரிவால்வர் ஒன்று. சௌந்தரபாண்டியனிடம் இருபத்திரண்டாம் நம்பர் பிஸ்டல் ஒன்று. அவை வெடித்த சத்தத்தை ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் ஆயுத பூஜை தவறாமல் பார்த்திருக்கிறார்கள். தராசு, படிக்கல், சாக்குக் கொக்கி எல்லாவற்றுக்கும் நடுவில், சிவப்புப் பட்டுத் துணி மேல் துப்பாக்கி உட்கார்ந்திருக்கும். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள், பெட்டி பீரோவுக்குள்.

அந்த ரிவால்வருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற உரிமை மூக்காண்டிக்கு. "தூக்கப்படாது, அசைக்கப்படாது, வச்ச இடத்துலயே பொட்டு வையி" என்பது முதலாளி உத்தரவு. அப்படியே வைப்பார். பிறந்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. சொந்தமாக இருப்பது ஒரு அருவாளும் இரண்டு வேட்டியும் என்றாலும், "நம்ம முப்பத்திரண்டு" என்றுதான் பேசுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

"முப்பத்திரண்டுன்னா சும்மாவா? உங்களுதவிடப் பத்து கூடுதல்."

"நம்பர் கூடுனா பெருசாவே?" என்று மடக்கினான் உச்சிமாகாளி. "நூல்ல பாரும். நூறாம் நம்பரு மெலிசு, இருபதாம் நம்பரு தடி. தறி ஓடுத ஊருல இருந்துக்கிட்டு இது தெரியலையா? இருபத்திரண்டுதான் தடி. உங்க முப்பத்திரண்டு தாவணி நெய்யத்தான் ஆகும்."

மூக்காண்டியின் மச்சினனே தறிக்காரன். நம்பர் கூடக்கூட நூல் மெலிந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பதில் கிடைக்காத அந்த இடத்தில்தான் மீசை வந்து விழுந்தது.

நல்லவேளையாக ஏசுவடியான் டீ குடிக்க வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஒரு பேங்கு வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்.

"ஏலே, நூல் நம்பர் வேற, துப்பாக்கி நம்பர் வேற," என்றார். "ஒரு இஞ்சை நூறு கூறு போடு. குண்டு போற குழாய் அதுல இருபத்திரண்டு கூறு அகலம்னா அது இருபத்திரண்டு. முப்பத்திரண்டு கூறுன்னா முப்பத்திரண்டு."

"அப்ப எங்களுதுதான் பெருசு!" மூக்காண்டி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

"உக்காருடே. குறி பாத்துச் சுடுத போட்டின்னா இருபத்திரண்டுதான் தேடுவாவ. கைய உதைக்காது, சத்தம் கம்மி. சுட்ட இடத்துலயே திரும்பத் திரும்பச் சுடலாம்."

உச்சிமாகாளி தன் மீசையை முறுக்கினான். "கேட்டீரா?"

"நீயும் பொறுடே. எதுக்க ஒருத்தன் அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடி வாரான்னு வையி. இருபத்திரண்டு பட்டா, பட்டதே தெரியாம வந்து ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் விழுவான். அந்த இடத்துக்கு முப்பத்திரண்டு தேவலை. முப்பத்தெட்டு இன்னும் தேவலை. ஆனா பெருசாகப் பெருசாக உதை கூடும். பழகாதவன் சுட்டா குண்டு ஆகாசத்துக்குப் போகும், துப்பாக்கி அவன் நெத்திக்கு வரும்."

"அப்ப முடிவா எதுதான் ஒசத்தி?" என்றார் டீக்கடைக்காரர்.

"சுட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

சுட்டுப் பார்ப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ, தண்ணீர் வற்றிக் கிடக்கிற குளத்துக்குள். கருவேல மரத்துத் தூரில் ஒரு மண்பானை. ஏசுவடியான்தான் நடுவர். தோற்றவர் மீசையை அங்கேயே எடுக்க, சவரப் பெட்டியோடு குடிமகனும் வந்து நிற்கவேண்டியது. முதலாளிகளிடம் கேட்கவேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அன்னக்கிளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, புருஷன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மீசையையும் எடுத்துட்டா உம்ம மூஞ்சில மிச்சம் என்னவே இருக்கும்?"

"தோத்தாத்தானட்டி எடுக்கணும். நம்ம முப்பத்திரண்டு தோக்காது."

"நம்மளுதா? எப்ப வாங்குனீரு?"

காலையில் மண்டிக்குப் போனார். வாசலில் நாடக வாத்தியார் காசி நின்றுகொண்டிருந்தார். பனவடலிசத்திரத்துக் கோயில் கொடையில் நாடகம் போடுகிறவர். "முதலாளியைப் பாக்கணும், ஒரு சின்ன சோலி," என்றார்.

"கொடைக்கு வரி கேட்டு வந்தீரா? இப்ப நேரம் சரியில்ல. அப்புறம் வாரும்," என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மூக்காண்டி உள்ளே போனார். எல்லாவற்றையும் சொன்னார். மருதப்பன் முதலாளியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எதிரி மேல் வந்த கோபம் என்று மூக்காண்டி நினைத்துக்கொண்டார்.

"யாரக் கேட்டுவே போட்டி வச்ச?"

"உங்க பேரு எறங்கப்படாதுன்னுதான் முதலாளி."

முதலாளி விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். "தோட்டா இல்லையேவே. தீந்துபோச்சு."

"எப்ப முதலாளி சுட்டீக?"

"அது... குற்றாலத்துப் பக்கம் போனப்ப. பன்னி வந்துச்சு."

மூக்காண்டிக்குப் புல்லரித்தது. அன்றைக்கே அதை டீக்கடையில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தப் பன்னி புலியாகிவிட்டது. ஊர் மருதப்பனைப் புது மரியாதையோடு பார்த்தது. இனி அவர் பின்வாங்க முடியாது என்றும் ஊர் சொன்னது.

தோட்டாவுக்கு என்ன செய்வது? மூக்காண்டி ஏசுவடியானிடம் ஓடினார்.

"இருபத்திரண்டு தோட்டா கொஞ்சம் வாங்கி, மேல துணி சுத்தி முப்பத்திரண்டுல போட்டா ஆகாதா?"

"ஏலே, உன் சட்டைய பிள்ளைக்குப் போட்ட மாதிரி உள்ள லொடலொடன்னு கெடக்கும். வெடிச்சாலும் எங்கன போகும்னு சொல்ல முடியாது. குழாய்க்கு ஏத்த தோட்டாதான் வேணும். நான் திருநெல்வேலிக்குப் போறேன். உங்க முதலாளி லைசென்சக் குடுக்கச் சொல்லு, கடையில விசாரிச்சிட்டு வாரேன்."

சந்தோஷமாகத் திரும்பிவந்து லைசென்ஸைக் கேட்டார். முதலாளிக்குத் திடீரென்று வலது மணிக்கட்டில் சுளுக்கு வந்துவிட்டது.

"பானையத் தூக்குனேன். பெரண்டுபோச்சு. சுட முடியாதே மூக்காண்டி," என்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது.

"கவலைப்படாதீக முதலாளி. ஏசுவடியான் அண்ணாச்சி பட்டாளத்துக் கை. துப்பாக்கிய அவருகிட்டக் குடுத்தா உங்க சார்பா சுட்டுருவாரு. இப்பவே கூட்டிட்டு வாரேன், எண்ணெய் போட்டுத் தொடச்சும் குடுத்துருவாரு."

"எம் பொருள அடுத்தவன் தொடுறதா!" முதலாளி கையை ஓங்கி மேசையில் அடித்தார். சுளுக்கின கை. "எனக்குச் சரியாயிட்டுவே! தோட்டாவும் நானே வாங்கிக்கிடுதேன்!"

இதையும் மூக்காண்டி டீக்கடையில் சொன்னார். எதிர் மண்டியில் என்ன நிலவரம் என்று உச்சிமாகாளியைக் கேட்டார்.

"எங்க முதலாளிக்கு நேத்து முதக்கொண்டு கண்ணுல பூச்சி பறக்குதாம். கண்ணு தெரியாம எப்படிச் சுட என்காரு. நான் புளியங்குடி டாக்டர் வரைக்கும் போய்ச் சொட்டு மருந்து வாங்கியாந்து, நானே ஊத்திவிட்டுட்டேன். நீரு மீசைக்கு எண்ணெய் போட்டு வையும், சவரத்துக்கு எதமா இருக்கும்."

மருதப்பன் முதலாளி கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். "போலீசு அனுமதி இல்லாம வெளியில சுட்டா குத்தம்வே. அனுமதி கெடைக்காது. நாம சட்டத்த மதிக்கிறவங்க."

மூக்காண்டி அதையும் விடவில்லை. பேங்கு வாசலுக்கு வந்த ஏட்டையாவை ஏசுவடியானை வைத்தே பிடித்தார். மறுநாள் மண்டிக்குள் நுழையும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது.

"முதலாளி, ஏட்டையாவே நேர்ல வாராராம்! ரெண்டு லைசென்சையும் அங்கன வச்சே பாத்துட்டு, அப்புறம் சுடலாமாம்."

முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தார். வாசலில் காசி மறுபடியும் வந்து நின்றுகொண்டிருந்தார். "போட்டி முடியட்டும்வே, குளத்துக்கு வாரும்," என்று மூக்காண்டி கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை. குளத்துக்குள் தண்ணீர் நின்ற காலத்தில்கூட அவ்வளவு கூட்டம் நின்றதில்லை. மிட்டாய்க்காரர் வந்துவிட்டார். குடிமகன் மர நிழலில் பெட்டியைத் திறந்து, தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சரட் சரட் சத்தம் மூக்காண்டியின் மேலுதட்டிலேயே கேட்டது.

கிழக்கிலிருந்து மருதப்பன் வந்தார். மேற்கிலிருந்து சௌந்தரபாண்டியன் வந்தார். இரண்டு பேர் பின்னாலும் பெட்டி. மருதப்பன் பெட்டியை மூக்காண்டிதான் சுமந்தார். மூட்டையைச் சுமக்கும்போது குனிகிற முதுகு அன்றைக்குக் குனியவில்லை. பெட்டி இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. பெருமைக்கு ஏது கனம் என்று அதைத் தள்ளிவிட்டார்.

"யாரு முதல்ல?" என்றார் ஏசுவடியான்.

மருதப்பன் கையைக் கூப்பினார். "அண்ணாச்சி வயசுல மூத்தவுக. அவுக சுடட்டும்."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது.

"அது முறையில்ல," என்றார் சௌந்தரபாண்டியன். "தம்பி புலியவே சுட்ட கை. அவுகதான் முதல்ல."

"எனக்குக் குறி சுமாரு அண்ணாச்சி. உங்க இருபத்திரண்டுதான் குறிக்குன்னே பிறந்தது."

"உங்க முப்பத்திரண்டு முன்னால இது எம்மாத்திரம் தம்பி? கொசு கடிச்ச மாதிரி."

"இருக்கட்டும், நீங்களே..."

"நல்லா இருக்கே, நீங்க இருக்கையில..."

கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் இலையில் யார் உட்காருவது என்கிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒருத்தன் விசிலடித்தான். "பானைக்கு வயசாகுது முதலாளி!" என்றான் இன்னொருத்தன்.

அப்போது குளத்துக்கரை மேல் ஒரு சைக்கிள் தெரிந்தது. சைக்கிள் மேல் ஒரு தொப்பி. ஏட்டையா.

சௌந்தரபாண்டியன் கரையைப் பார்த்தார். மருதப்பனும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அடுத்த நொடி, "தம்பி!" என்று அவர் ஓட, "அண்ணாச்சி!" என்று இவர் ஓட, நடுக் குளத்து மண்ணில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நமக்குள்ள எதுக்கு தம்பி போட்டி?"

"ஆயுதம்னா பூசை பண்ணத்தான் அண்ணாச்சி. பானைய ஒடைக்கவா?"

"முப்பத்திரண்டும் ஒசத்தி, இருபத்திரண்டும் ஒசத்தி!" என்று சௌந்தரபாண்டியன் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். ஏட்டையா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சமாதானமாப் போச்சுல்லா? அதான் வேணும்," என்று மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

குடிமகன் பெட்டியை மூடினார். மூக்காண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு குண்டு செலவாகாமல் ஒரு பகையே விழுந்துவிட்டதே! உச்சிமாகாளி பக்கத்தில் வந்து தோளில் கையைப் போட்டான்.

"உம்ம மீசையும் தப்பிச்சு, எம் மீசையும் தப்பிச்சு."

"மீசை கெடக்கட்டும்வே. இப்பேர்ப்பட்ட முதலாளிமாரு கையில இருக்கப்போயித்தான் அந்தத் துப்பாக்கிக்கே மரியாதை," என்றார் மூக்காண்டி. அவர் நெஞ்சு பெட்டிக்கு மேல் ஒரு முழம் உயர்ந்தது. மீசையின் இரண்டு நுனியையும் முறுக்கி விட்டுக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நாடக வாத்தியார் காசி வந்து இரண்டு முதலாளிகளுக்கும் நடுவில் நின்றார். இரண்டு கையையும் நீட்டினார்.

"வருஷா வருஷம் மாதிரி ஆயுத பூஜைக்குன்னு எங்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போன ரெண்டு துப்பாக்கியையும் இப்பவாவது குடுத்துருங்க அண்ணாச்சி, இன்னைக்கு நாடகத்துல போலீஸ்காரனும் திருடனும் வெறுங்கையோட நிக்காங்க!"