சின்ன மாப்பிள்ளை வாங்கிய அறை

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளையின் பணிவான வணக்கம். நானும் உங்கள் பெரிய மகளும் இங்கே சுகம். என் வலது தொடை மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கூடத்தில் டி.வி.க்கு மேலே இருந்த எங்கள் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு, சகலை சினிமாவில் அறை வாங்கும் படத்தை மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பொறாமைதான், ஆனால் நியாயமான பொறாமை. அந்த ஆளை ஷூட்டிங் பார்க்கக் கூட்டிப்போனவனே நான். பேங்க் மேனேஜராக நடிக்க வேண்டியவர் வரவில்லை என்றதும், டைரக்டர் இவருடைய வழுக்கையையும் கண்ணாடியையும் பார்த்து, "சார் மூஞ்சியே மேனேஜர் மூஞ்சி"ன்னு கூப்பிட்டுவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். "சாவி எங்கிட்ட இல்ல" என்று ஒரே வசனம். உடனே ஹீரோ ஓர் அறை. அவ்வளவுதான் நடிப்பு!

மாமா, சினிமாவில் அடிக்கிற கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். சத்தம் போடுவது என்னைப் போன்ற எஃபெக்ட்ஸ் ஆட்கள். பூட்டிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட்டை ஒடிப்போம், ஓட வேண்டுமென்றால் தட்டில் கொட்டிய ஜல்லியில் மிதிப்போம். சகலை வாங்கிய அறைக்கு ஈரத்துண்டை அடித்தேன், தோல்பையை அடித்தேன். "அண்ணே, இதுல கோவமே இல்லண்ணே"ன்னு டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். பேண்ட்டைக் கழற்றிவிட்டு, சகலையை மனதில் நினைத்துக்கொண்டு, என் தொடையிலேயே விட்டேன் ஒன்று. அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்துவிட்டார்.

படம் வந்த அன்று அந்தச் சத்தத்துக்குத்தான் மாமா தியேட்டரே ஒரு நொடி மூச்சடக்கிப் பிறகு விசிலடித்தது! என் சத்தம் எனக்குத் தெரியாதா, பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? ஆனால் அத்தை இருட்டில் சகலையின் கன்னத்தைத் தடவி அழுகிறார்கள். என் மனைவி, என் சொந்த மனைவி, "பாவங்க, எப்படித்தான் தாங்கினாரோ" என்று என்னிடமே உருகுகிறாள். வீட்டுக்கு வந்து தொடையைக் காட்டினால், "எங்கயாவது இடிச்சிருப்பீங்க, பார்த்து நடங்க" என்கிறாள். கடைசியில் திரையில் என் பெயர் வந்தபோது அரங்கில் இருந்தது நானும் கூட்டிப் பெருக்குகிறவரும்தான். அவரும் குனிந்திருந்தார். சலூன்காரர் சகலையின் கன்னத்தில் கத்தி வைக்கவே தயங்குகிறாராம். நீங்களோ அவருக்குத் தைலம் வேறு அனுப்பியிருக்கிறீர்கள். வீங்கினது இங்க, தைலம் அங்கயா?

ஆகவே, ஹீரோவின் கை அவர்மேல் படவே இல்லை என்பதை வீட்டில் எல்லோரையும் கூட்டிவைத்து நீங்களே சொல்ல வேண்டும். எங்கள் படம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மூத்த மாப்பிள்ளைக்கு இந்த மரியாதைகூட இல்லையென்றால் எப்படி?

அத்தைக்கு என் வணக்கம். சின்னவளுக்கும் அவள் வீட்டு நடிகருக்கும் என் ஆசிகள், அளவாக.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் அந்த சினிமாவின் சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தார். தொடையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். சங்கடமாகச் சிரித்தார். "அண்ணே, ஷூட்டிங்ல ஹீரோவுக்குக் கை தவறி நெசமாவே விழுந்துருச்சு. அந்தச் சத்தத்தையே வெச்சுட்டோம். உங்களுது கொஞ்சம் தட்டையா இருந்துச்சுண்ணே." சகலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கடைவாய்ப் பல்லு ஆடுது சகல. வெளிய சொன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார். கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். நன்றாக எழுதியிருப்பதால் மனம் வரவில்லை. சகலையின் படம் அங்கேயே இருக்கட்டும். தைலம் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிஞ்சினால் அவரிடம் வாங்கி என் தொடைக்கு அனுப்பிவையுங்கள். யாருக்கு என்று மட்டும் சகலையிடம் சொல்லிவிடாதீர்கள்.