நசரத்பேட்டையில் நான் வேவு பார்த்த லட்சணம்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வராத காரியத்தை ஒரு பகல் முழுக்கச் செய்துபார்த்து மானம் போனவன் நான்.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்கிற ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா செய்யும் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"பிரஸ்ல கை மாட்டின ஏழுமலை நஷ்டஈடு கேக்கறான். விரல் அஞ்சும் முழுசா இருக்கு, மடக்கத்தான் முடியலையாம். நடிக்கறான்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. நைசாப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதிக் குடு. நீ எழுதறத வெச்சுத்தான் முடிவு."

என் வேலையை நிரந்தரம் செய்வது பற்றியும் யோசிக்கலாம் என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு (போட்டால் எனக்குப் பாதிப் பார்வை போய்விடும், அது வேறு விஷயம்) பூந்தமல்லியில் இறங்கி, நசரத்பேட்டைக்கு வேறு பஸ் ஏறினேன்.

கம்பெனி ரிஜிஸ்தரில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனால், ஏழுமலை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கை மடியில் கிடந்தது.

"இங்க வாடகைக்கு வீடு ஏதாவது கிடைக்குமா?" என்றேன், வழிப்போக்கன் மாதிரி.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உனுக்கா சார்?"

"ஆமா."

"கீது. வா, காட்றேன்."

காட்டினார் பாருங்கள். மண்டை பிளக்கும் வெயிலில் மூன்று வீடுகள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஊறும் என்பதுவரை விசாரித்துச் சொன்னார். "நல்ல புள்ள, கம்பெனில கீறாரு, வாடகையக் கொறைச்சுக்கோ" என்று வீட்டுக்காரர்களிடம் எனக்காக வாதாடினார். (கம்பெனி என்று நான் வாயே திறக்கவில்லை. அதுகூட உறைக்காத மகா புத்திசாலி நான்.) என் கண் முழுக்க அவருடைய வலது கையில். கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் இடது கையாலேயே திறந்தார். பலே ஆசாமி, ஜாக்கிரதையாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவர் மனைவி கன்னியம்மா விடவில்லை. "துன்ட்டுப் போ சார்" என்று இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார். ஏழுமலை மட்டும் உட்காரவில்லை.

"நீ துன்னு சார். நான் அப்பால துன்றேன்."

மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரே குஷி. சாப்பிடும்போது எப்படி நடிப்பான்? "நீங்க உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று அடம்பிடித்தேன்.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை என் எதிரே உட்கார்ந்தார். கன்னியம்மா சோற்றைப் பிசைந்து, என் பக்கம் திரும்பாமலேயே, அவருக்கு ஊட்டிவிட்டார். அவர் தலையைக் குனிந்தபடி நாலு வாய் வாங்கிக்கொண்டார். நான் பிசைந்த சோறு இலையிலேயே இருந்தது.

"பீச்சாங்கையால துன்ன மனசு வரல சார்" என்றார் ஏழுமலை. "மாசாமாசம் ஜன்னலாண்ட சம்பளம் குடுக்கசொல்லோ நீ என் கையத்தான் பாப்பே. மூஞ்சியப் பாத்ததே இல்ல. எனக்கு உன் மூஞ்சி நல்லாத் தெரியும். கண்ணாடி மாட்டிகினு வந்தாலும் தெரியும்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. காலில் விழுந்திருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ, "அந்த ரெண்டாவது வீட்டை நான் எடுத்துக்கறேன்" என்பதுதான்.

அன்றைக்கே முன்பணமும் கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள், "கை நிஜமாகவே விளங்கவில்லை, கண்ணால் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முகம் கடுகடுத்தது. ஏழுமலைக்கு நஷ்டஈடு வந்தது, அதில் பெட்டிக்கடை வைத்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருஷம் ஆனது. வீடு மாறுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லத்தான் படாத பாடு பட்டேன்.

அந்த வீட்டில்தான் எனக்குக் கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், பிறகு அதையே வாங்கியும் விட்டேன். ஏன் இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் என்னைப் பதில் சொல்லவிடாமல் ஏழுமலை முந்திக்கொள்வார்:

"என் கைய வேவு பாக்க வந்தாரு. அப்டியே தங்கிகினாரு."