ஓடினால் ஞாபகம் வரும்

உட்கார்ந்து படித்து முன்னுக்கு வந்தவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். என் மண்டை அந்த ரகம் இல்லை. கால் ஓடினால்தான் அதுவும் ஓடும். இந்த உண்மை எனக்கு உறுதியான அன்று ஒரு மலை நிறையப் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். உயர்தரப் பரீட்சையில் தாவரவியல் என்னை ஒரு முறை கவிழ்த்துவிட்டிருந்தது. இரண்டாம் முறையும் கவிழ்ந்தால் கொழும்பில் மாமா வேலை செய்யும் புடவைக் கடைக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. "இந்த வாட்டியும் இல்லேன்னா பெட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டார். எனக்கோ வாத்தியாராகும் ஆசை. (சேலையை விரித்துக் காட்டினால் திரும்ப மடிக்கவும் எனக்குத் தெரியாது. அந்தக் கடைக்கும் அது நல்லதில்லை.)

படிக்காமல் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிப்பேன். பக்கத்தைத் திருப்பினால் முந்தின பக்கம் மறந்துவிடும். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே, எங்கள் வகுப்பிலேயே ஸ்டெல்லா என்று ஒருத்தி இருந்தாள். பஸ்ஸை நம்பாமல் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கி ஓடியே பாடசாலைக்கு வருவாள். நான் பஸ்ஸில் சொகுசாக வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

"எப்பிடி ஸ்டெல்லா ஒனக்கு மட்டும் எல்லாம் மண்டையில நிக்குது?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"நீ பஸ்ல தூங்குற நேரம் நான் மலை ஏறுறேன். மேல போகப் போக மண்ட தெளிஞ்சிரும். நாளைக்கு வந்து ஓடிப் பாரேன்."

ஓடினேன். முதல் நாள் கண் இருட்டியது. லயத்து நாய் ஒன்று துணைக்கு ஓடி வந்தது. என் வேகத்தைப் பார்த்து அலுத்துப்போய்ப் பாதியில் திரும்பிவிட்டது. ஸ்டெல்லா மேல் வளைவில் நின்று, "செத்துப் போயிறாத, பரீட்ச இருக்கு!" என்று கத்தினாள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஓட்டம் என்னை மாற்றிப்போட்டது. சில வாரங்களிலேயே மூச்சு நிதானப்பட்டது. ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால் தூக்கம் கிட்டே வராது. ஒரு தடவை படித்தது அப்படியே நிற்கும். வாலிப வயதில் மூச்சு வாங்க ஓடினால் மூளைக்கும் சேர்த்து நல்லது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைப் பிற்பாடு வாசித்தேன். ஸ்டெல்லா எதையும் வாசிக்காமலே சொல்லியிருந்தாள். கெட்டிக்காரி!

ஓடும்போது அவள் முன்னால் போய்க்கொண்டே கேள்வி கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான். "அத்திப் பூவுக்குள்ள மகரந்தத்தக் கொண்டு போறது எது? ஓடிக்கிட்டே யோசி!" என்று கேட்டுவிட்டு வளைவில் மறைந்தாள். பழைய வினாத்தாளில் என் காலை வாரிய அதே கேள்வி. தொண்டை வரை வருகிறது, வாய்க்கு வரவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து, பேர் பதிந்த பெண்கள் கூடையோடு மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவும் அதில் ஒரு நிரையில் நின்றார். நான் அவர்களுக்கு மேலே, மலை விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று மண்டைக்குள் விடை பளிச்சென்று வந்து விழுந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷம்! இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினேன்:

"குளவி! குளவி! குளவி!"

தோட்டத்தில் பிறந்தவன் செய்யக்கூடாத காரியம் இது. எங்கள் மலைகளில் குளவிக் கூடு கலைந்தால் ஆள் உயிரே போய்விடும். ஒருத்தர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தால் ஏன் எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே ஓடினார்கள். கூடைகள் உருண்டன. கொழுந்து கொட்டியது. கங்காணி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். (இப்போது சொல்கிறேன், அப்படியொரு ஓட்டத்தை நான் எந்த விளையாட்டுப் போட்டியிலும் பார்த்ததில்லை.)

எல்லோரும் கீழே ஓடினார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் மேலே, என்னை நோக்கி ஓடி வந்தார். அம்மா. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை ஓடும்போதே அவிழ்த்து, என்னை மழைத்தண்ணி ஓடும் கான் ஓரத்தில் தள்ளி, படங்கால் தலையோடு மூடி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"அசையாத ராசா, அசையாத! எங்க கொட்டுச்சி?"

"எது கொட்டுச்சி?"

"குளவிடா!"

"எங்கம்மா குளவி?" என்று நானும் பயந்துபோய்க் கேட்டேன்.

"நீதானேடா கத்துன!"

"அது... அத்திப் பூவுக்கும்மா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சி."

அம்மா எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கொட்டுவதானால் அத்தனையும் தன் முதுகில் கொட்டட்டும் என்றுதான் அவர் அப்படிப் படுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, "பொம்பளைங்க மலையில நிக்கிற நேரம் இனி ஒருத்தனும் ஓடக்கூடாது!" என்று சத்தம் போட்டார். கொட்டிய கொழுந்தையெல்லாம் நானும் ஸ்டெல்லாவும்தான் அள்ளிக் கொடுத்தோம். அவள் சிரித்த சிரிப்பில் பாதியைத் திரும்பவும் கொட்டினாள்.

ஓட்டத்தை விடவில்லை. நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். பெறுபேறு வந்த அன்று ஸ்டெல்லாவுக்குக் கெம்பஸ் படிப்பு உறுதியானது. தாவரவியல் எனக்கும் மனமிரங்கியிருந்தது. புடவைக் கடை தப்பித்தது! நோர்வூட் பாடசாலையிலிருந்து ஒரே ஓட்டமாக அதே மலை விளிம்புக்கு ஓடினேன். என்னைக் கண்டும் ஒருத்தர்கூட அசையவில்லை. "என்ன தம்பி, இன்னைக்கு என்ன ஞாபகம் வந்துச்சி?" என்று ஓர் அக்கா கேட்க, மலையே சிரித்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். கூடையைப் போட்டுவிட்டு, அன்றைக்கும் அவர்தான் மேலே ஓடி வந்தார்.

இப்போது ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு நின்றால் போதும், அம்மா என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்வார்:

"வெளிய போயி ஒரு ஓட்டம் ஓடிட்டு வாப்பா. ஞாபகம் வந்துச்சின்னா கத்தாத, மெதுவா வந்து சொல்லு."